‘பேசு’ என்னும் சொல்லும் அதன் ஒருபொருட் கிளவிகளும்

செய்யுளுக்குப் பதவுரை எழுதப் புகும் மாணவர், மூலத்தில் ‘பகர்ந்தான்’ என்றிருப்பினும் ‘இயம்பினான்’ என்றிருப்பினும் ‘விளம்பினான்’ என்றிருப்பினும் ‘சொன்னான்’ என ஒரே சொல்லால் பொருள் எழுதி அமைவர். ஆசிரியராகிய நாமும் அதனைப் பிழையெனத் திருத்துவதில்லை. இவையெல்லாம் ஒருபொருட் பன்மொழி என்பதும், எதுகை மோனைகட்கு ஏற்பப் புலவர் வேண்டியதொன்றை எடுத்தாள்வர் என்பதும் நம்மிடையே நிலைபெற்றுவிட்ட கருத்துகளாம். பல ஆண்டுகள் நாமும் இவ்வாறே கற்பித்து வந்தோம். ஆயினும், பேச்சைக் குறிக்கும் சொற்களைக் காலமுறையில் வைத்து நோக்குங்கால், அக்கருத்து ஒரு காலப்பகுதிக்கே பொருந்துவது என்பதும், அதற்கு முன்னும் பின்னும் இச்சொற்கள் தனித்தனித் தொழில் உடையனவாய் விளங்கின என்பதும் புலனாகின்றன. அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இச்சொற்களுள் இன்று தலைமை பெற்று நிற்கும் ‘பேசு’ என்பதன் வரலாறு ஈண்டுச் சிறப்பாக ஆராயப்பெறும்.

1. தொல்காப்பியத்தில் பேச்சின் பெயர்கள்

சொல்லதிகாரத்தின் முதல் இயல் கிளவியாக்கம் எனப் பெயர் பெற்றுள்ளது. கிளத்தல் என்பது வெளிப்படச் சொல்லுதல். அங்ஙனம் சொல்லப்படுவது கிளவி. சொல்லைப் பற்றிய இலக்கணம், சொல்லும் செயலின் பெயராலேயே தொடங்குகின்றது. எழுதப்பட்ட வடிவினைக் காட்டிலும், ஒருவன் வாயிலிருந்து மற்றொருவன் செவிக்குச் செல்லும் கூற்றே தொல்காப்பியர் உள்ளத்தில் முதலிடம் பெற்றிருந்தது என்பதற்கு அவ்வியலின் பொருளமைதியே சான்றாம். செப்பும் வினாவும் வழுவாது நிற்றல் வேண்டும் என்னும் விதி அவ்வியலில்தான் இடம்பெறுகின்றது. ஈண்டுச் ‘செப்பு’ என்பது வாளா சொல்லுதல் அன்று. வினாவிய பொருளை அறிவுறுத்தும் விடையினையே அது குறிக்கும். இருவர் இன்றிச் செப்பு இல்லை.

இக்கலைச்சொல் பின்னர் வழக்கொழிந்தது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கனின் வேண்டுகோளுக்கு இணங்கி நன்னூல் செய்த பவணந்தியார், வினாவை அறுவகையாகவும் விடையை எண்வகையாகவும் பகுத்தபோது ‘விடை’ என்னும் சொல்லையே கொண்டார். செப்பு, சொல்லுதலின் பொதுப்பெயர்களுள் ஒன்றாக அவர் காலத்தில் கருதப்பட்டது. வெண்பாவின் ஓசையைச் ‘செப்பலோசை’ என யாப்பு நூலார் வழங்குவதில் மட்டுமே பழம்பொருளின் நிழல் ஓரளவு தங்கிற்று எனலாம்.

அகத்திணையில் ‘கூற்று’ என்பது தலையாய கலைச்சொல். தலைவன், தலைவி, தோழி, செவிலி முதலியோருள் யார் எந்நிலையில் பேசுதற்கு உரியர் என்பதைக் களவியலும் கற்பியலும் விரித்துரைக்கின்றன. செய்யுளியலில் செய்யுளின் உறுப்புகளை எண்ணுமிடத்துக் கூற்றோடு கேட்போர், களன், முன்னம் முதலியனவும் எண்ணப்படுகின்றன. சொல்வோன், கேட்போன், இடம், குறிப்பு ஆகிய நான்கும் கூடிய வழியே ஒரு பேச்சு முழுமை பெறும் என்னும் தெளிவு அந்நூலாசிரியர்க்கு இருந்தது. அகப்பாட்டு ஒவ்வொன்றும் ஒருவர் பேசக் கேட்கும் பேச்சே என்பதை நாம் மறந்துவிடின், பாட்டின் பாதிப்பொருளை இழந்தவராவோம். கோவை நூல்களில் ஒவ்வொரு துறையினையும் ‘கிளவி’ என்றும், அகப்பொருள் நிகழ்ச்சிக்கு உரிய தலைமகனைக் ‘கிளவித் தலைவன்’ என்றும் வழங்குதல் இம்மரபின் தொடர்ச்சியாகும்.

ஒரே பொருளுடையன எனத் தோன்றும் சொற்களைப் பேசுவோன் நிலைநோக்கி வேறுபடுத்தும் நெறியும் தொல்காப்பியர்க்கு உடன்பாடேயாம். எச்சவியலில் ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ என்னும் மூன்றும் இரத்தற்கண் வருவன எனினும், தாழ்ந்தோன் கூற்று, ஒப்போன் கூற்று, உயர்ந்தோன் கூற்று என அவற்றை அவர் பகுத்தமை யாவரும் அறிந்ததே. அதே அளவுகோலைப் பேச்சைக் குறிக்கும் சொற்களுக்கும் இட்டுப் பார்த்தல் முறையாம்.

2. நன்னூல் தொகுத்த சொற்கள்

நன்னூல் உரியியலில் ‘சொல்’ என்னும் பொருள் தரும் சொற்கள் ஒரு நூற்பாவாகத் தொகுக்கப்பெற்றுள்ளன. உரை, மொழி, கிளவி, கூற்று, மாற்றம், செப்பு, நொடி, கரை, அறை, பகர்ச்சி, விளம்பு, நுவற்சி, இயம்பல், இசை முதலியன அதன்கண் உள்ளன. அடுத்துவரும் நூற்பா ஓசையைக் குறிக்கும் சொற்களைத் தொகுக்கின்றது. ‘இசை’, ‘இயம்பல்’ ஆகிய இரண்டும் இரு நூற்பாக்களிலும் இடம்பெற்றுள்ளமை கருதத்தக்கது. முரசும் முழவும் இயம்பும், மாந்தரும் இயம்புவர். ஓசைக்கு உரிய சொல் மாந்தர் உரைக்கும் ஆகி வந்த நிலையினை இவ்விரண்டும் காட்டுகின்றன.

இத்தொகுப்பில் ‘பேச்சு’ என்னும் சொல் இல்லை. நம் ஆராய்ச்சிக்குத் தூண்டுதலாய் அமைந்தது இதுவே. பவணந்தியார்க்கு ஐந்நூறு ஆண்டுகட்கு மேற்பட்ட முன்னரே ‘பேசு’ என்னும் வினை அப்பர் பெருமானின் தேவாரத்தில் பெருக வழங்கியது. ஆகவே, அச்சொல் பிற்காலத்தது என்று கூறி அமைதல் இயலாது. உரிச்சொற்களைச் செய்யுட்கு உரியன என்று நன்னூலார் வரையறுத்தமையும், மேலும் வேண்டுவன பிங்கலம் முதலியவற்றுள் கொள்க என்று அவர் வழிகாட்டியமையும் நோக்க, அவர் தொகுப்பு முற்ற எண்ணியது அன்று என்பது விளங்கும். ‘பேச்சு’ என்பது செய்யுளின் செல்வம் என்பதைவிட நாவின் அன்றாட வழக்கு எனப் பெரிதும் கருதப்பட்டமையால் அத்தொகுப்பில் இடம்பெறாது போயிற்று என்று கொள்ளுதல் பொருந்தும். திருக்குறளின் அதிகாரப் பெயர்களிலும் இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை, சொல்வன்மை எனக் கூறுதலும் சொல்லுதலுமே வருகின்றன, பேசுதல் வருமாறில்லை.

3. சூழலால் வேறுபட்ட சொற்கள்

இனி, ஒருபொருட் கிளவிகள் என்று தொகுக்கப்பெற்றவற்றுள் சிலவற்றின் பழைய ஆட்சியை நோக்குவோம்.

பகர்தல்: பழைய நூல்களில் இச்சொல் பண்டங்களைக் கூறி விற்றலைக் குறிக்கும். தெருவில் பொருளின் பெயரை உரக்கக் கூவி விற்பார் பகர்வனர் எனப்பட்டனர். சிலப்பதிகாரத்தில் இவ்வாட்சியைக் காணலாம். விற்போன் குரலே இச்சொல்லின் பழைய நிலைக்களன். அதிலிருந்து பலர் அறியச் சொல்லுதல் என்றும், பின்னர்ச் சொல்லுதல் என்றும் அது பொதுமையுற்றது.

விளம்புதல்: மலையாளத்தில் இச்சொல் இன்றும் உணவு பரிமாறுதலைக் குறிக்கின்றது. தமிழிலும் அப்பொருள் உண்டு. இருந்தோர் அனைவர்க்கும் முறையே வழங்குதல் என்னும் கருத்து உணவிற்கும் செய்திக்கும் பொதுவாய் நின்றது போலும். இக்காலத்தில் ‘விளம்பரம்’ என்னும் சொல், பலர்க்கும் பரப்புதல் என்னும் அப்பொருளை மீண்டும் தெளிவுற ஏற்றுள்ளது.

அறைதல்: முரசறைதல் என்னும் வழக்கில் அடித்தலும் அறிவித்தலும் ஒருங்கு நிற்கின்றன. மணிமேகலையின் முதற்காதை ‘விழாவறை காதை’ எனப் பெயர் பெற்றது, இந்திர விழாவினைப் புகார் நகரத்தார்க்கு முரசறைந்து வள்ளுவன் அறிவித்தமையால். ஒருவன் தன் நண்பன் செவியில் மெல்லச் சொல்வதை அறைதல் என்பது பழமரபிற்கு ஒவ்வாது. மறையைத் தாங்காது பிறர்க்கு உய்த்துரைக்கும் கயவரைத் திருவள்ளுவர் பறையோடு ஒப்பிட்ட இடத்து இச்சொல்லின் ஆற்றலை உணரலாம்.

கழறுதல்: பாங்கற் கூட்டத்தில் தலைவனின் நிலைகண்டு பாங்கன் இடித்துரைத்தல் ‘கழறல்’ எனப்படும்; அதனைத் தலைவன் மறுத்தல் ‘கழற்றெதிர்மறை’. உரிமையுடைய நண்பன் நன்மை கருதிக் கடிந்து கூறுவதே இச்சொல்லின் சிறப்புப் பொருள். பின்னர் அது பொதுவகையான் ஒலித்தலையும் சொல்லுதலையும் குறிக்கலாயிற்று. எல்லா உயிர்களும் கழறுவனவற்றை அறிந்தமையாற் சேரமான் பெருமாள் நாயனார் ‘கழறிற்றறிவார்’ எனப்பட்டார் என்னும் பெயர்க்காரணம் அப்பொதுமையைக் காட்டும்.

நுவலுதலும் நவிலுதலும்: இவை கல்வியோடு இயைந்தன. நன்னூற் பொதுப்பாயிரம் ஆசிரியனை ‘நுவல்வோன்’ என்றும், பாடஞ் சொல்லும் முறையை நுவலும் திறன் என்றும் குறிக்கும். நூலினை வாயாற் சொல்லச் செவியாற் கேட்டு மனத்துட் கொள்ளும் கல்விமுறையில் தோன்றிய வழக்கு இது. நவிலுதல் என்பதும் பலகாற் பயிலுதல் என்னும் பொருளில் திருக்குறளில் ஆளப்பெற்றுள்ளது.

மாற்றம்: அவையஞ்சாமை அதிகாரத்தில் இச்சொல் அவையோர் வினாவிற்கு அளிக்கும் மறுமொழியைக் குறிக்கும். ஒருவர் கூற்றுக்கு மாறாக, அஃதாவது எதிராக, வருவது மாற்றம். வாளா ‘சொல்’ என்று இதற்கு உரை எழுதின், அவைக்களத்தில் எதிர்நின்று விடைகூறும் துணிவு என்னும் குறளின் உயிர்நிலை மறைந்தொழியும்.

கரைதல்: இன்று காக்கைக்கே உரியதாகிவிட்ட இச்சொல், அழைத்தல் என்னும் பொருளோடு மாந்தர்க்கும் உரியதாய் நின்றமையை நன்னூல் தொகுப்புக் காட்டுகின்றது. ‘அகவல்’ என்பதும் இவ்வாறே அழைத்தற் பொருளில் தோன்றி ஆசிரியப்பாவின் ஓசைப் பெயராயிற்று.

இவற்றைத் தொகுத்து நோக்கின், வணிகன் பகர்தல், வள்ளுவன் அறைதல், பாங்கன் கழறுதல், ஆசிரியன் நுவலுதல், அவையோன் மாற்றம் கொடுத்தல் என ஒவ்வொரு சொல்லும் பேசுவோனையும் கேட்போனையும் களத்தையும் தன்னகத்தே கொண்டிருந்தமை போதரும். தொல்காப்பியர் செய்யுட்கு வேண்டும் என வகுத்த கூற்றும் கேட்போரும் களனும் சொல்லின் பொருளுக்குள்ளேயே அடங்கி நின்றன.

இவ்வேறுபாடுகள் காப்பியக் காலத்தில் பெரிதும் தளர்ந்தன. விருத்தப்பாக்களால் நெடிய கதையைச் சொல்லிச் செல்லும் புலவர்க்கு, ‘என்று சொன்னான்’ என முடிக்க வேண்டிய இடங்கள் நூற்றுக்கணக்கில் வந்துற்றன. அடியின் எதுகைக்கும் சீரின் அளவிற்கும் ஏற்ப இச்சொற்கள் ஒன்றன் இடத்தில் ஒன்று நின்றன. நிகண்டுகள் அவற்றை ஒருங்கு தொகுத்து மாணவர் மனப்பாடத்திற்கு அளித்தன. உரையாசிரியர்களும் விளக்கம் கருதிச் ‘சொல்லுதல்’ என்னும் ஒன்றினால் பலவற்றிற்கும் பொருள் எழுதினர். பரிமேலழகர் ‘இனியவை கூறல்’ என்பதற்குச் சொல்லுதல் என்றே விளக்கம் தருகின்றார். ஒருபொருட் பன்மொழி என்னும் நம் கருத்து இக்காலத்தின் விளைவேயாகும். அக்காலத்து நூல்களைப் பொறுத்தவரை அது பிழையும் அன்று. அதனையே சங்கநூல்கட்கும் திருக்குறட்கும் ஏற்றுவதுதான் பிழை.

4. அரசவையின் மொழி

பேசுவோன் தகுதியாற் சொல் வேறுபடும் நெறி, செய்யுளிற் தளர்ந்த காலத்தும் அரசியல் வழக்கில் உறுதியாக நின்றது. சோழர் கல்வெட்டுகளில் அரசன் ஆணையிடுதல் ‘திருவாய் மொழிந்தருளுதல்’ எனக் குறிக்கப்படும். குடிகளும் அலுவலரும் அரசனிடம் கூறுதல் ‘விண்ணப்பஞ் செய்தல்’ எனப்படும். முதலாம் இராசராசனின் 26-ஆம் ஆட்சியாண்டில் (1010) தஞ்சைப் பெரிய கோயிலில் தான் கொடுத்தனவும் தன் தமக்கையார் கொடுத்தனவும் பிறர் கொடுத்தனவும் கல்லில் வெட்டப்பட வேண்டும் என அவன் பிறப்பித்த ஆணையும் இவ்வழக்காலேயே குறிக்கப்படுகின்றது. அரசன் வாய்ச்சொல்லைக் கேட்டு நின்றவரைச் சுட்டும் ‘திருவாய்க்கேள்வி’ என்னும் பெயரும், அதனை எழுதுவோரைச் சுட்டும் ‘திருமந்திர ஓலை’ என்னும் பெயரும் கல்வெட்டுகளிற் பயில்வன. வாயால் மொழிதல், செவியாற் கேட்டல், ஓலையில் எழுதுதல், வரியில் இடுதல், கல்லில் வெட்டுதல் என்னும் முறையில், எழுத்திற்கு அதிகாரம் அளித்தது பேச்சே என்பதை இப்பெயர்கள் உணர்த்துகின்றன.

சமயத்துறையிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. நம்மாழ்வாரின் நூல் திருவாய்மொழி எனப்பட்டது. ஆழ்வார்கள் பாசுரங்களை ‘அருளிச்செயல்’ என வைணவர் வழங்குவர். ‘வாய்மொழி’ என்பது தொல்காப்பியச் செய்யுளியலில் யாப்பின் எழுவகை நிலத்துள் ஒன்றாய் மந்திரம் போலும் ஆற்றலுடைய மொழியைக் குறித்தது. இன்றோ எழுதா இலக்கியத்தை ‘வாய்மொழி இலக்கியம்’ என்கின்றோம்.

5. அண்டை மொழிகளின் சான்று

தமிழிற் செய்யுள் வழக்காகச் சுருங்கிய சொற்கள் பல உறவு மொழிகளில் அன்றாடச் சொற்களாய் வாழ்கின்றன. தெலுங்கில் ‘செப்பு’ என்பது சொல்லுதற்கு உரிய இயல்பான வினை. தமிழ் ‘நொடி’ என்பதனோடு உறவுடைய ‘நுடி’ கன்னடத்தில் பேச்சையும் மொழியையும் குறிக்கும். ஈழத்தில் விடுகதையை ‘நொடி’ என வழங்குதலும் நினைக்கத்தக்கது. தமிழ் ‘மாற்றம்’ கன்னடத்தில் ‘மாத்து’ எனவும் தெலுங்கில் ‘மாட்ட’ எனவும் நின்று பேச்சின் பொதுப்பெயராயின. மலையாளத்தில் ‘பறயுக’ என்பதே சொல்லுதலைக் குறிக்கும் பெருவழக்கு. யாழ்ப்பாணத்துத் தமிழிலும் ‘பறைதல்’ அப்பொருளில் உண்டு; ஆயினும் அங்குப் பேசுதலுக்குப் பெருவழக்காய் நிற்பது வடசொல்லடியாகிய ‘கதைத்தல்’.

ஒரு மொழியில் ஒரு சொல் பொதுமை பெறின், பிற தனித்தொழிலுக்கு ஒதுங்குகின்றன. தெலுங்கில் செப்புதல் பொதுமை பெற்றது. தமிழில் அது செய்யுளுக்கு ஒதுங்கியது. தமிழில் பேசுதல் பொதுமை பெற்றது; மலையாளத்தில் ‘பேசுக’ என்னும் வினை ‘விலபேசல்’ முதலிய ஆட்சிகளில் பேரம் செய்தற்பொருளில் ஒதுங்கி நிற்கின்றது. இவ்வொதுக்கமே ‘பேசு’ என்பதன் வரலாற்றை அறிதற்கு நமக்குத் துணைசெய்கின்றது.

6. ‘பேசு’ என்பதன் வரலாறு

திருநாவுக்கரசரின் ஆறாம் திருமுறை, தில்லையைப் போற்றும் திருத்தாண்டகத்தோடு தொடங்குகின்றது. அதன் பாடல்தோறும் ஈற்றடியில் ‘பேசு’ என்னும் வினை எதிர்மறை எச்சமாய் மீண்டும் மீண்டும் வருகின்றது. ஆண்டு இறைவன் இரண்டாம் வேற்றுமையேற்ற செயப்படுபொருளாய் நிற்கின்றான். ‘இறைவனோடு பேசுதல்’ என்பதும் ‘இறைவனைப்பற்றிப் பேசுதல்’ என்பதும் அன்று அத்தொடரின் அமைப்பு. ‘இறைவனைப் பேசுதல்’ என்பதே அமைப்பு. அவன் பெருமையைத் தன் சொல்லுக்குப் பொருளாக்கிப் பலகாலும் எடுத்துரைத்தல் என்பது அதன் பொருள். பேசாத நாள் பயனற்ற நாள் என்னும் கருத்து அப்பொழுதே வலிமை பெறுகின்றது. ‘உரையாடாத நாள்’ என இக்கால வழக்கின்படி அதற்குப் பொருள்கொண்டால் அப்பர் கருதிய புகழ்ச்சிப்பொருள் மறைந்துவிடும்.

இனி, இன்றைய வழக்கினை நோக்குவோம். ‘அவர் என்னோடு பேசினார்’, ‘அவர் என்னிடம் பேசினார்’ என்பன இயல்பான தொடர்கள். ‘அவர் என்னைப் பேசினார்’ என்பதோ கடிந்துரைத்தார், ஏசினார் என்னும் பொருள் தரும். தென்மாவட்டங்களில் ‘பேச்சு வாங்குதல்’ என்றால் வசை பெறுதல். யாழ்ப்பாணத்தில் ‘பேசுதல்’ என்னும் வினைக்கே ஏசுதல் என்பது பெருவழக்குப் பொருளாகிவிட்டது. உரையாடற்பொருளைக் ‘கதைத்தல்’ ஏற்றுக்கொண்டது.

இறைவனைப் பேசுதல் புகழ்தல். பிறனைப் பேசுதல் பழித்தல். இவை தம்முள் முரணிய பொருள்கள் போலத் தோன்றும். ஆயின், தொடரமைப்பு ஒன்றே. ஒருவரைச் சொல்லுக்குப் பொருளாக்கி அவர்தம் இயல்புகளை எடுத்தெடுத்துக் கூறுதலே இரண்டிற்கும் அடிப்படை. நல்லியல்பைக் கூறின் புகழாகவும், அல்லியல்பைக் கூறின் வசையாகவும் அது முடிகின்றது. ஆகவே, யாழ்ப்பாண வழக்கினைப் பிறழ்ந்த வழக்கென்று ஒதுக்குதல் கூடாது. அது தேவாரத்தில் உள்ள இரண்டாம் வேற்றுமைத் தொடரமைப்பைக் காத்துவைத்திருக்கும் தொல்வழக்கு என்பதே நம் துணிபு.

‘ஓடு’ உருபேற்ற பெயரோடு முடியும் அமைப்பில் இச்சொல் வேறொரு வழியிற் சென்றது. ஒருவரைப் பேசுதற்கு ஒருவனே போதும். ஒருவரோடு பேசுதற்கு இருவர் வேண்டும். விலை பேசுதல், மணம் பேசுதல், பேசி முடித்தல், பேசிய தொகை, பேச்சு மாறுதல் என்னும் ஆட்சிகளில் இருவர் தம்முள் கூடி ஒரு முடிவிற்கு வருதல் என்னும் பொருள் விளங்குகின்றது. மலையாளத்து ‘விலபேசல்’ காத்திருப்பது இப்பொருளையே. இரு நாடுகள் போரொழித்து உடன்பாடு காண முயல்வதைப் ‘பேச்சுவார்த்தை’ என்று இன்று நாம் கூறுவதும் இதன் வழியது. ‘அவ்விருவரும் பேசுவதில்லை’ என்றால் பகைகொண்டுள்ளனர் என்று பொருள். ‘அவ்விருவரும் சொல்வதில்லை’ என்றால் அப்பொருள் தோன்றாது.

‘சொல்’ என்பதற்கும் ‘பேசு’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இதனால் விளங்கும். சொல்லுதல் என்னும் வினை, சொல்லப்பட்ட பொருளை அவாவி நிற்கும். ‘அவன் சொன்னான்’ என்றவுடன் ‘என்ன சொன்னான்?’ என்னும் வினா எழுகின்றது. ‘அவன் பேசினான்’ என்றவழி ‘யாரோடு?’ என்னும் வினா எழலாம், எழாமலும் அமையலாம். ‘குழந்தை பேசத் தொடங்கிவிட்டது’ என்னும் தொடரில் பேசப்பட்ட பொருளும் இல்லை, கேட்போரும் இல்லை, நாவின் ஆற்றல் ஒன்றே குறிக்கப்படுகின்றது. ‘பேசாதிரு’ என்பது வாய்வாளாமை. ‘பேசாமல் ஊருக்குப் போய்விடு’ என்னும் வழக்கில் வாய்வாளாமைப் பொருளும் தேய்ந்து, வேறொன்றையும் எண்ணாது செய்க என்னும் குறிப்பு மட்டும் எஞ்சுகின்றது.

பொருளையும் கேட்போரையும் இன்றியமையாது வேண்டாத இவ்வியல்பே ‘பேசு’ என்பதைப் பொதுச்சொல்லாக்கிற்று. பகர்தல் விற்போனை வேண்டும். செப்புதல் வினாவினை வேண்டும். கழறுதல் குற்றத்தை வேண்டும். சொல்லுதல் செய்தியை வேண்டும். பேசுதல் நாவினை மட்டுமே வேண்டும். மாந்தர்க்கே உரிய அவ்வாற்றலுக்குப் பெயர் வேண்டப்பட்டபோது தமிழ்மக்கள் ‘பேச்சு’ என்றனர்.

7. இக்காலத்து நிலை

19-ஆம் நூற்றாண்டில் பொதுமக்களை ஒருங்கு கூட்டி அவர் முன் பொருளொன்றைத் தொடர்ந்து உரைக்கும் முறை பரவியது. 1847-ஆம் ஆண்டு திசம்பர் 31-ஆம் நாள் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தொடங்கிய சைவப் பிரசங்கங்கள் இம்முறையின் வரலாற்றில் குறிக்கத்தக்கன. அன்று ‘பிரசங்கம்’ எனவும் ‘உபந்நியாசம்’ எனவும் வழங்கியது, 20-ஆம் நூற்றாண்டில் ‘சொற்பொழிவு’ எனவும் ‘மேடைப்பேச்சு’ எனவும் ஆயிற்று. ‘பேச்சாளர்’ என்பது ஒரு தொழிற்பெயர் போலவே நிலைபெற்றது. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு அளிக்கும் உரிமையைப் ‘பேச்சுரிமை’ என்கின்றோம். அச்சிட்டு வெளியிடும் எழுத்தும் அவ்வுரிமையில் அடங்கும். ‘பேச்சு’ எழுத்தையும் உட்கொண்டு நிற்கும் இடம் இது.

மற்றோரிடத்தில் அது எழுத்துக்கு மறுதலையாக நிற்கின்றது. ‘பேச்சுத் தமிழ்’, ‘எழுத்துத் தமிழ்’ என்னும் பகுப்பினைப் பழைய இலக்கணத்தின் மேல் ஏற்றி, பழையோரும் பேச்சை இழிந்ததாகக் கொண்டனர் என்று கூறுவாருளர். தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் நூலுக்கு முதலாகக் காட்டுவன வழக்கும் செய்யுளும் ஆகிய இரண்டு. வழக்கு அவற்றுள் முன்னதாக வைக்கப்பட்டுள்ளது. செய்யுளும் பாடப்பெற்றும் கேட்கப்பெற்றும் வாழ்ந்ததே ஆகலின், அவ்விரண்டனுக்கும் உள்ள வேறுபாடு வாய்க்கும் ஏட்டுக்கும் உள்ள வேறுபாடு ஆகாது. இறையனார் களவியல் உரை பல தலைமுறை வாய்வழியாக வந்து பின்னர் எழுத்துருப் பெற்றது என்னும் மரபும், உரையென்பது முதற்கண் உரைக்கப்பட்டதே என்பதை நினைவூட்டும். வீரமாமுனிவர் 1728-இல் கொடுந்தமிழுக்கு இலத்தீன் மொழியில் எழுதி 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறிய இலக்கணம், மக்கள் வழக்கு தனியே ஆராய்தற்கு உரியது என்பதைக் காட்டிற்று.

இக்காலத்துக் கலைச்சொல்லாக்கத்தில் மகிழத்தக்க மாற்றம் ஒன்று நிகழ்ந்துள்ளது. காப்பியக் காலத்தில் ஒன்றாய்க் கலந்த சொற்கள் மீண்டும் பிரிந்து தனித்தொழில் பெற்றுள்ளன. கண்ணகிக்கு மதுரைத் தெய்வம் கூறிய பொருளுரையைக் குறித்துச் சிலப்பதிகாரத்துக் காதைப் பெயராய் நின்ற ‘கட்டுரை’, ஒரு பொருள்பற்றி எழுதப்படும் உரைநடைக்குப் பெயராயிற்று. உரையாடல், சொல்லாடல், கதையாடல், பனுவல் என்பன இன்றைய திறனாய்வில் வெவ்வேறு பொருளன. இவற்றைப் படைப்போர் சொற்களின் பழைய நிலைக்களன்களை அறிந்து படைப்பராயின், ஒன்றற்கொன்று மயங்காத கலைச்சொற்கள் பல கிடைக்கும். கேட்போர் மறுமொழிக்கு இடமின்றி அறிவிப்பது, இருவர் கூடி முடிவு காண்பது, ஆசிரியன் மாணவர்க்கு வாயாற் கற்பிப்பது ஆகியவற்றிற்குத் தனித்தனிச் சொற்கள் நம்மிடம் முன்னரே உள்ளன.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று நிலைகள் புலனாகின்றன. முதல் நிலையில் பேச்சைக் குறிக்கும் சொல் ஒவ்வொன்றும் ஒரு சூழலுக்கு உரியதாய் நின்றது. இரண்டாம் நிலையில் காப்பியங்களின் தேவையாலும் நிகண்டுகளின் தொகுப்பாலும் அவை ஒருபொருட் கிளவிகளாய் ஒன்றின. மூன்றாம் நிலையில் ‘பேசு’, ‘சொல்’ என்னும் இரண்டும் பொதுவழக்கைத் தமக்குள் பகிர்ந்துகொள்ள, ஏனையவை கலைச்சொற்களாய்ப் புதுத்தொழில் ஏற்றன.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து நமக்கு அடிப்படை அமைத்துத் தந்துள்ளது. அதன்மேல் கட்டப்பெறும் வரலாற்று அகராதிகளில் ஒரு வினைச்சொல்லின் பொருளை எழுதுவதோடு அமையாது, அவ்வினை எக்காலத்தில் எவ்வேற்றுமை கொண்டு முடிந்தது என்பதனையும் குறித்தல் வேண்டும். ‘பேசு’ என்பதன் வரலாறு முழுவதும் ‘ஐ’ என்னும் உருபிற்கும் ‘ஓடு’ என்னும் உருபிற்கும் இடையே அடங்கியிருத்தலை நாம் கண்டோம். ஈழத்து வழக்குகளும் தென்மாவட்ட வழக்குகளும் அத்தகைய அகராதியில் திசைச்சொல் என்று ஒதுக்கப்படாமல் சான்றாக வைத்து எண்ணப்பெறல் வேண்டும்.

வகுப்பறையிற் செய்யத்தக்கது இதனினும் எளிது. ‘மாற்றம்’ என்பதற்கு மாணவர் ‘சொல்’ என்று பொருள் எழுதிய இடத்து, யார்க்கு, எவ்விடத்து, எதற்கு மறுமொழியாக அது சொல்லப்பட்டது என்னும் வினாவினை நாம் எழுப்புதல் வேண்டும். அவ்வினாவிற்குச் செப்பு வழுவாது விடைகூறும் மாணவர், அந்தக் குறளின் அவைக்களத்தைத் தம் கண்முன் காண்பர்.